‘முதன்மையாக’ என்னும் ஒரு சொல்

2008ஆம் ஆண்டின் நிதி நெருக்கடியைப் பற்றிப் பேசுவோர் பலர், 1999இல் அமெரிக்காவில் கிளாஸ்–ஸ்டீகல் சட்டம் நீக்கப்பட்டதையே அதன் மூலகாரணமாகக் காட்டுகின்றனர். நாம் அவ்வளவு எளிதில் அம்முடிவுக்கு வர இயலாது. நீக்கப்படுவதற்கு வெகுகாலம் முன்பே அச்சட்டம் உள்ளீடற்றுப் போயிருந்தது.

1920களில் மக்களின் சேமிப்பைப் பெற்ற அமெரிக்க வங்கிகளே துணை நிறுவனங்கள் வாயிலாகப் பங்குகளையும் கடன் பத்திரங்களையும் விற்றன. பெரு நாட்டின் நிதிநிலை மோசமானது என்று நேஷனல் சிட்டி வங்கியின் சொந்த அலுவலர்களே எச்சரித்திருந்தனர். அதை மறைத்து, அந்நாட்டுக் கடன் பத்திரங்கள் வாடிக்கையாளர் தலையில் கட்டப்பட்டன. 1933இல் செனட் குழுவுக்காகப் பெர்டினாண்ட் பெகோரா நடத்திய விசாரணையில் இது அம்பலமானது. அவ்வாண்டு ஜூன் 16 அன்று நடைமுறைக்கு வந்த சட்டம் வைப்பு வங்கியையும் பத்திர வணிகத்தையும் பிரித்தது. வைப்புத்தொகைக்குக் காப்பீடும் அளித்தது.

ஆனால் அதே ரூஸ்வெல்ட் ஆட்சியில் 1934இல் உருவான கூட்டாட்சி வீட்டுவசதி நிர்வாகம், கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகளின் வீட்டுக்கடன்களுக்குக் காப்பீடு தரப் பெரும்பாலும் மறுத்தது. ஊரும் சேரியுமாகப் பிரிந்த மண்ணில் வாழும் நமக்கு இந்த வரைபடம் புதிதன்று.

சட்டத்தின் 20ஆம் பிரிவு, பத்திர வணிகத்தில் ‘முதன்மையாக’ ஈடுபடும் நிறுவனத்தோடு வங்கி இணைந்திருக்கலாகாது என்றது. ஓட்டை அச்சொல்லில்தான் இருந்தது. எவ்வளவு இருந்தால் முதன்மை? தடைசெய்யப்பட்ட பத்திரங்களிலிருந்து வருவது துணை நிறுவனத்தின் வருவாயில் 5 விழுக்காட்டைத் தாண்டாதவரை அது முதன்மையாகாது என்று 1987இல் பெடரல் ரிசர்வ் விளக்கமளித்தது. தலைவர் பால் வோல்க்கர் எதிர்த்தும், மூன்றுக்கு இரண்டு என்ற வாக்கில் அது நிறைவேறியது. 1989இல் வரம்பு 10 ஆயிற்று, 1996இல் 25. 1998இல் சிட்டிகார்ப், டிராவலர்ஸ் குழுமத்தோடு இணைந்தது. மறு ஆண்டின் கிராம்–லீச்–பிளைலி சட்டம், நடந்து முடிந்ததற்கு முத்திரை குத்தியது. சட்டத்தின் எழுத்து அப்படியே நிற்க, பொருள் மட்டும் கரைக்கப்படுவதை நாமும் கண்டிருக்கிறோம்.

லேமன் பிரதர்ஸ் போன்ற முதலீட்டு நிறுவனங்கள் அச்சட்டம் இருந்த காலத்திலும் பத்திர வணிகமே செய்தன. ஆகவே சட்டம் நீடித்திருந்தாலும் நெருக்கடி வந்திருக்கும் என்பாரின் வாதத்தில் உண்மை உண்டு. எனினும் 1987 அனுமதியிலேயே, வீட்டு அடமானக் கடன்களைத் திரட்டி ஆக்கப்படும் பத்திரங்களும் அடங்கியிருந்ததை நாம் மறக்கலாகாது. கடனைப் பத்திரமாக்கி விற்றுவிட்டவருக்கு, வாங்கியவர் திருப்பிச் செலுத்துவாரா என்ற கவலை குறைவு. ஒருகாலத்தில் கடன் மறுக்கப்பட்ட தெருக்களைத் தேடித் தரகர்கள் வந்தனர், கூடுதல் வட்டியோடு.

கன்ட்ரிவைட் நிறுவனம் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கறுப்பின, ஹிஸ்பானிய மக்களிடம், ஒத்த தகுதியுடைய வெள்ளையரிடம் பெற்றதைவிட அதிகக் கட்டணமும் வட்டியும் பெற்றதாக அமெரிக்க நீதித்துறை குற்றஞ்சாட்டியது. 2011 டிசம்பரில் அவ்வழக்கு 33.5 கோடி டாலர் இழப்பீட்டு உடன்பாட்டில் முடிந்தது. தலைக்குச் சராசரியாக 1,700 டாலருக்கும் குறைவு.