கணக்கு தெரிந்த பிள்ளைக்கே கணினி கைகொடுக்கும்

16 இலக்க வங்கிக் கணக்கு எண் ஒன்றை எக்செல் கட்டத்தில் அப்படியே தட்டிப் பாருங்கள். கடைசி இலக்கம் எதுவாக இருந்தாலும் பூஜ்யமாகிவிடும். ஓர் எண்ணில் 15 இலக்கங்களைத்தான் எக்செல் காப்பாற்றும். அந்த எண் உள்ள சம்பளப் பட்டியலை வங்கிக்கு அனுப்பினால் பணம் உரியவருக்குப் போய்ச் சேராது. தட்டுவதற்கு முன்பே அந்த நெடுவரிசையை 'டெக்ஸ்ட்' என்று மாற்றியிருந்தால் எண் தப்பித்திருக்கும்.

தென்காசி மாவட்டத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் வணிகவியல் நடத்துகிறேன். பதினொன்றாம் வகுப்புக்கு வரும் பிள்ளைகளுக்குக் கணினியில் இதைத்தான் முதலில் காட்டுவேன். "கம்ப்யூட்டர் தப்பு பண்ணுமா டீச்சர்?" என்று கேட்பார்கள். நாம் சொல்லாமல் விட்டதை அது தானாக முடிவு செய்துகொள்ளும், சரிபார்க்க வேண்டியது நாம் என்பேன்.

இந்தப் பிள்ளைகளில் பலர் நாளை ஜவுளிக்கடையிலோ தறிக்கூடத்திலோ ஆடிட்டர் அலுவலகத்திலோ வேலைக்கு உட்காரப்போகிறார்கள். எந்த மெனுவில் என்ன இருக்கிறது என்று மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கிவிடலாம். முதலாளி ஒரு கட்டு பில்லை எடுத்து மேசையில் வைக்கும்போது அந்த மனப்பாடம் உதவாது.

மளிகைக் கடை நோட்டு

அதனால் என் வகுப்பில் கணினிக்கு முன்னால் காகிதம் வரும். மளிகைக் கடை வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளை கடன் நோட்டைக் கொண்டுவருவான். "அரிசி 5 கிலோ, எண்ணெய், 410, பாக்கி 200" என்று ஒரே வரியில் எல்லாம் இருக்கும். அதைப் பிரிக்கச் சொல்வேன். தேதி, பெயர், பொருள், அளவு, அலகு, விலை, தொகை என ஒவ்வொன்றுக்கும் தனி நெடுவரிசை. ஒரு பொருளுக்கு ஒரு வரி.

பிரிப்பது ஏன் என்பது தட்டும்போது புரியும். அளவுக் கட்டத்தில் "5 கிலோ" என்று எழுதினால் கணினிக்கு அது எண் அல்ல, எழுத்து. விலையால் பெருக்கினால் பிழை என்று காட்டும். கூட்டல் சூத்திரமோ பிழைகூடக் காட்டாமல் அந்தக் கட்டத்தை விட்டுவிட்டுக் கூட்டும். தேதியிலும் இதே ஆபத்து உண்டு. கணினி அமெரிக்க முறைக்கு அமைக்கப்பட்டிருந்தால், ஏப்ரல் 3 என்று நினைத்து நாம் தட்டும் 03/04 மார்ச் 4 ஆகிவிடும். 13/04 என்று தட்டினால் அதைத் தேதியாகவே எடுத்துக்கொள்ளாது.

1,180 ரூபாய் பில்

ஜிஎஸ்டி பாடத்தில் ஒரு கேள்வி வைத்திருக்கிறேன். 18 சதவீத வரியையும் சேர்த்து ஒரு பொருளின் விலை 1,180 ரூபாய். இதில் வரி எவ்வளவு? பலரும் 1,180-இல் 18 சதவீதம் கண்டு 212 ரூபாய் 40 காசு என்பார்கள். 1,180-ஐ 1.18-ஆல் வகுத்தால் பொருளின் விலை 1,000. வரி 180 மட்டுமே. மாநிலத்துக்குள் விற்றால் மத்திய, மாநில வரிகள் 90, 90 எனப் பிரியும். வெளிமாநிலத்துக்கு விற்றால் 180-ம் ஐஜிஎஸ்டி என்ற ஒரே வரியாகும். தவறான சூத்திரத்தை எழுதி ஆயிரம் வரிசைகளுக்கு இழுத்துவிட்டால் ஆயிரம் பில்லும் தவறாகும். அதனால் முதல் வரிசையைக் கையால் போட்டுப் பார்த்த பிறகே கீழே இழுக்க விடுவேன்.

எக்செல், டேலி போன்ற மென்பொருள்களே கணக்கின் தேவையிலிருந்து பிறந்தவைதான். ஹார்வர்டில் வணிகம் படித்த டான் பிரிக்ளின், கரும்பலகை அட்டவணையில் ஓர் எண்ணை மாற்றினால் மற்ற எண்களையும் அழித்து எழுத வேண்டியிருந்ததைப் பார்த்தார். அவரும் பாப் ஃபிராங்ஸ்டனும் உருவாக்கிய விசிகால்க் என்ற அட்டவணை மென்பொருள் 1979-இல் வெளிவந்தது. 1986-இல் பெங்களூரில் ஷ்யாம் சுந்தர் கோயங்கா தன் தொழிலுக்கு ஏற்ற கணக்கு மென்பொருள் கிடைக்காமல் மகன் பரத்தை எழுதச் சொன்னார். இன்று டேலி இருப்பது அதனால்தான்.

டேலியில் எஃப்5 பேமென்ட், எஃப்6 ரிசீப்ட் என்பதை அரை மணி நேரத்தில் சொல்லிக்கொடுத்துவிடலாம். கடை ரொக்கத்தை வங்கியில் கட்டுவது செலவல்ல, அதை எஃப்4 கான்ட்ராவில் போட வேண்டும் என்பது பற்று வரவு புரிந்த பிள்ளைக்குத்தான் தெரியும்.

என் வகுப்பில் ஒரு கணினிக்கு இரண்டு பேர் என்பதைக் குறையாக நான் நினைப்பதில்லை. ஒருவர் பில்லை வாசிக்க, மற்றவர் தட்டுவார். பிறகு இடம் மாறிச் சரிபார்ப்பார்கள். எக்செல் இல்லாத இடத்தில் லிபர்ஆபீஸ் கால்க் போதும். அது இலவசம், தமிழிலும் இயங்கும்.

கோடை விடுமுறையில் பிள்ளையை டேலி கோர்ஸில் சேர்க்கும் பெற்றோருக்கு ஒன்று சொல்வேன். அதற்கு முன் ஒரு மாத வீட்டுச் செலவையோ கடைக் கணக்கையோ அந்தப் பிள்ளை கையில் கொடுங்கள். மாதக் கடைசியில் கையிருப்பை எண்ணி, கணினி காட்டும் தொகையோடு ஒப்பிடச் சொல்லுங்கள். வித்தியாசம் வந்தால் எந்த வரியில் என்று பிள்ளையே தேடட்டும். அதைக் கண்டுபிடிக்கத் தெரிந்த பிள்ளையை எந்தக் கணக்கு அலுவலகமும் நம்பி வேலைக்கு வைத்துக்கொள்ளும்.