உருண்டைக்கு முன் ஒவ்வொரு செல்லும் தனித்தனியாக

கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரியின் வட எல்லை கனகசெட்டிக்குளம். பிம்ஸ் மருத்துவக் கல்லூரி அங்கேதான் இருக்கிறது. தெற்கே காலாப்பட்டில் பல்கலைக்கழகம், அதையும் தாண்டினால் கோரிமேட்டில் ஜிப்மர். மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சைக்காக இந்த வழியில் போகும் பெண்கள் பலர். 2022-இல் இந்தியாவில் சுமார் 1.92 லட்சம் பேருக்கு இந்நோய் புதிதாக வந்ததாகக் குளோபோகான் என்ற உலகப் புற்றுநோய்த் தரவுத்தளம் மதிப்பிடுகிறது. அவர்களுக்கான மருந்துகளின் முதல் பரீட்சை ஆய்வகச் செல்களில் நடக்கிறது.

அந்தச் செல்களில் புகழ்பெற்றது எம்சிஎஃப்-7. அமெரிக்காவின் மிச்சிகனில் ஒரு கன்னியாஸ்திரியின் நுரையீரல் உறையில் தேங்கிய நீரிலிருந்து 1970-இல் எடுக்கப்பட்டு, இன்றும் உலகெங்கும் வளர்கிறது. தட்டில் ஒரே அடுக்காகப் பரவும் செல் மருந்துக்குச் சீக்கிரம் பணிந்துவிடும். உருண்டையாக, அதாவது ஸ்பீராய்டாக வளர்ந்தால் கதை வேறு. உள்ளே போகப் போக ஆக்சிஜன் குறையும். விட்டம் அரை மில்லிமீட்டரை நெருங்கும்போது நடுப்பகுதி பெரும்பாலும் செத்துவிடும். உடலுக்குள் இருக்கும் புற்றுக்கட்டிக்கு இதுவே நெருக்கம்.

ஆனால் தொடக்கத்திலேயே செல்கள் ரவைபோலக் கட்டிதட்டிக் கிடந்தால் வளர்ப்புத் தட்டின் ஒரு குழியில் பெரிய உருண்டையும் பக்கத்துக் குழியில் நாலைந்து சின்ன உருண்டைகளும் வரும். அப்புறம் வித்தியாசம் மருந்தாலா, உருண்டையின் அளவாலா என்று யாராலும் சொல்ல முடியாது.

கட்டிதட்டுவதற்குக் காரணம் பெரும்பாலும் அவசரம்தான். செல்களைத் தட்டிலிருந்து பிரிக்கும் டிரிப்சின் நொதியில் போதிய நேரம் வைக்காவிட்டால் செல்கள் தகடு தகடாகவே பெயரும். அதிக நேரம் வைத்தாலும், பிப்பெட்டில் முரட்டுத்தனமாக அடித்தாலும் செல்கள் உடைந்து டிஎன்ஏ வெளியே கசியும். அது பசைபோல மற்றவற்றையும் இழுத்துக்கொள்ளும். எம்சிஎஃப்-7 செல்களைப் பிணைக்கும் ஈ-கேடெரின் புரதத்துக்குக் கால்சியம் வேண்டும். ஆகவே கால்சியமும் மெக்னீசியமும் இல்லாத உப்புக் கரைசலில் கழுவி, இவ்விரண்டையும் பிடித்துக்கொள்ளும் ஈடிடிஏ சேர்த்தால் பிடி தளரும். தட்டு நிரம்பி வழியுமுன் செல்களை எடுப்பது, 40 மைக்ரான் சல்லடையில் வடிப்பது, நுண்ணோக்கியில் பார்த்து எண்ணுவது எல்லாம் அவசியம். கசிந்த டிஎன்ஏவை வெட்ட டிஎன்ஏஸ் நொதி உதவும். அதற்கு மெக்னீசியம் தேவை என்பதால் ஈடிடிஏ உள்ள கரைசலில் அது சரியாக வேலை செய்யாது. பல மாணவர்கள் இடறும் இடம் இது.

செல் கலவை உள்ள குழாயை வைத்த இடத்தில் விட்டால் செல்கள் அடியில் இறங்கிவிடும். குழிகளில் ஊற்றும்போது அடிக்கடி மெதுவாகக் கலக்க வேண்டும்.

இன்னொரு மார்பகப் புற்று வகையான எம்டிஏ-எம்பி-231 செல்களுக்கோ நேர்மாறான குணம். ஈ-கேடெரின் இல்லாததால் அவை தளர்ந்த கூட்டமாகவே நிற்கும். ஒட்டாத குழியில் சிறிதளவு மேட்ரிஜெல் என்ற புரதக் கூழைச் சேர்த்தால்தான் இறுகும்.

2023-இல் இந்திய மருந்துப் பரிசோதனை விதிகள் திருத்தப்பட்டு, விலங்குச் சோதனைக்கு மாற்றாக இத்தகைய முப்பரிமாண வளர்ப்புகளுக்கும் இடம் கிடைத்தது. எனவே இதில் இறங்கும் நம் ஆய்வகங்கள் மருந்தின் முடிவோடு, குழிக்கு எத்தனை செல்கள் இட்டோம், முதல் நாளில் அவை எப்படி இருந்தன என்பதைப் படத்தோடு வெளியிட வேண்டும்.