வாசிக்கத் திணறும் பிள்ளைக்கு யாரைத் தேடுவது?

மூன்றாம் வகுப்பு முடிந்தும் ஒரு வரியைக் கோவையாக வாசிக்க முடியாத பிள்ளைகள் நம் ஊரான சுரண்டையிலும் உண்டு. வாய்க்கணக்குக்குச் சட்டென்று பதில் சொல்வார்கள். ஒருமுறை கேட்ட கதையை அப்படியே திருப்பிச் சொல்வார்கள். புத்தகத்தைத் திறந்தால்தான் திணறல். பீடி சுற்றிச் சேர்த்த காசில் அம்மா இன்னொரு டியூஷனில் சேர்த்துவிடுகிறார். அந்தக் காசும் பிள்ளையின் மனசும் வீணாகக் கூடாது.

சோம்பல் இல்லை

இந்தத் திணறலுக்குக் காரணம் டிஸ்லெக்சியா என்ற கற்றல் குறைபாடாக இருக்கலாம். அது அறிவுக் குறைவு அல்ல. சொல்லில் உள்ள ஒலிகளைப் பிரித்து எழுத்தோடு பொருத்துவதில் மூளைக்கு உள்ள சிரமம் அது. பல குடும்பங்களில் பரம்பரையாகவும் வரும். 1896-லேயே பிரிங்கில் மார்கன் என்ற ஆங்கில மருத்துவர், கெட்டிக்காரனாக இருந்தும் வாசிக்க முடியாத 14 வயதுப் பையனைப் பற்றி மருத்துவ இதழில் எழுதியிருக்கிறார்.

தமிழில் இந்தச் சிரமம் எப்படித் தெரியும்? ‘தொட்டில்’ என்ற சொல்லைக் கொடுத்துப் பாருங்கள். ‘தொ’வில் கொம்பு முன்னால் நிற்கிறது, கால் பின்னால் நிற்கிறது, வாயில் முதலில் வருவதோ நடுவிலிருக்கும் ‘த’வின் ஒலி. பிள்ளை முதல் எழுத்தைப் பார்த்து, மீதியை ஊகித்து, ‘தோட்டம்’ என்று சொல்லிவிடும். ல, ள, ழ வரும் இடங்களிலும் இதே தடுமாற்றம்தான். எல்லாப் பிள்ளைகளும் தொடக்கத்தில் இப்படித் தவறுவார்கள். வருஷங்கள் போன பிறகும் மாறாவிட்டால்தான் கவனிக்க வேண்டும்.

முதலில் கண்ணும் காதும்

பார்வையையும் கேட்கும் திறனையும் முதலில் சோதித்துவிடுங்கள். அவை சரியாக இருந்தால் அடுத்தது முறையான மதிப்பீடு. குழந்தைகள் நல மருத்துவர், உளவியலாளர், சிறப்புக் கல்வி ஆசிரியர் மூவரும் இதில் பங்கெடுப்பார்கள். கற்றல் குறைபாட்டுக்கான அரசுச் சான்றிதழ் எட்டு வயதுக்குப் பிறகுதான் கிடைக்கும். அதற்காகப் பயிற்சியைத் தள்ளிப்போட வேண்டாம். ஆறு வயதிலேயே தொடங்கலாம்.

பதிவு எண்ணைக் கேளுங்கள்

சிறப்புக் கல்வி ஆசிரியரும் மருத்துவ உளவியலாளரும் மத்திய அரசின் ஆர்.சி.ஐ. என்ற இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்பதில் கூச்சம் எதற்கு? தகுதியுள்ளவர் முகம் சுளிக்காமல் காட்டுவார். சிறப்புக் கல்வியிலும் பிரிவுகள் உண்டு என்பதால், கற்றல் குறைபாட்டில் பயிற்சி பெற்றவரா என்றும் கேளுங்கள். மாத்திரை, கண் பயிற்சி, மூளையைத் தட்டி எழுப்பும் வகுப்பு என்று யார் விற்றாலும் வாங்காதீர்கள். டிஸ்லெக்சியாவைக் குணமாக்கும் மருந்து கிடையாது.

நல்ல பயிற்சியைப் பார்த்தாலே அடையாளம் தெரியும். ஆசிரியர் தட்டில் மணலைப் பரப்பி, பிள்ளை விரலால் எழுத்தை வரையும்போதே அதன் ஒலியைச் சொல்ல வைப்பார். ல, ள, ழ மூன்றையும் ஒரே நாளில் திணிக்க மாட்டார். ஒன்று நன்றாகப் பதிந்த பிறகே அடுத்தது. நேற்றுப் படித்ததிலிருந்துதான் இன்றைய பாடம் தொடங்கும். பத்துத் தடவை எழுதிவா என்ற தண்டனைக்கு அங்கே இடமில்லை.

சுரண்டையிலிருந்து எங்கே போவது?

முதலில் பள்ளித் தலைமையாசிரியரிடம் பேசுங்கள். அரசின் வட்டார வள மையங்களில் சிறப்புப் பயிற்றுநர்கள் இருக்கிறார்கள். தலைமையாசிரியர் வழியாக அவர்களை அணுகலாம். மதிப்பீட்டுக்கு வழிகேட்க, பஸ் ஏறினால் தென்காசி மாவட்ட அரசுத் தலைமை மருத்துவமனை. தேவைப்பட்டால் திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் சென்னையில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இயங்குகிறது. ஆசிரியர்களுக்கும் பயிற்சி தருகிறது. நம் ஊர்ப் பள்ளி ஆசிரியர் ஒருவர் இப்படிப் பயின்று வந்தாலே எத்தனையோ பிள்ளைகளுக்கு விடிவு. அலைய முடியாத குடும்பங்களுக்கு அதுதான் உண்மையான உதவி என்று நினைக்கிறேன்.

பொதுத்தேர்வுக்கு முன்பே

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. கற்றல் குறைபாடும் அதில் ஒன்று. பிள்ளைகளிடம் இதைச் சீக்கிரமே கண்டறிந்து ஏற்ற முறையில் கற்பிப்பது பள்ளியின் கடமை என்றும் அச்சட்டம் சொல்கிறது. சான்றிதழ் இருந்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், மொழிப்பாட விலக்கு போன்ற சலுகைகளுக்குப் பள்ளி வழியாக விண்ணப்பிக்கலாம். பத்தாம் வகுப்பு ஹால் டிக்கெட் வரும்வரை காத்திருந்தால் காலம் கடந்துவிடும். ஒன்பதாம் வகுப்பிலேயே தலைமையாசிரியரிடம் கேட்டுவிடுங்கள்.