பீரங்கியைத் தின்னும் உப்புக் காற்று

மாணவர்களே, கோலா சிலாங்கூர் புக்கிட் மெலாவத்தி குன்றில் உள்ள பழைய பீரங்கிகளைப் பார்த்திருப்பீர்கள். 1784-இல் டச்சுக்காரர்கள் இக்குன்றைக் கைப்பற்றினர். மறு ஆண்டே சுல்தான் இப்ராஹிம் அதை மீட்டார். அந்தப் போர் ஓய்ந்துவிட்டது. ஆனால் பீரங்கிக்கு இன்றும் ஓர் எதிரி உண்டு. அதுதான் துரு.

இரும்பு துருப்பிடிக்க நீரும் ஆக்சிஜனும் தேவை. இரும்பு அணுக்கள் எலக்ட்ரான்களை இழந்து அயனிகளாகின்றன. உப்புநீர் மின்சாரத்தை நன்கு கடத்துவதால் இந்த மாற்றம் வேகமாக நடக்கும். கடற்காற்றோடு வரும் குளோரைடு அயனிகள் துருவின் நுண்துளைகளில் தங்கிவிடும். மேலே புதுச்சாயம் பூசினாலும் உள்ளே அரிப்பு தொடரும்.

அதனால்தான் கடலடியில் கிடைக்கும் பீரங்கிகளை அருங்காட்சியகங்களில் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலில் அமிழ்த்தி, சிறிதளவு மின்சாரம் செலுத்திக் குளோரைடை வெளியேற்றுகிறார்கள். இதற்குப் பல மாதங்கள் ஆகும். சிலவற்றுக்கு ஆண்டுகளும் ஆகும்.

துருவை மணல்தாளால் தேய்த்து எடுத்துவிடலாமே? கூடாது. அமெரிக்க ராணுவம் 1873-இல் ஏற்றுக்கொண்ட கோல்ட் ரிவால்வரைச் சேகரிப்போரும் அப்படித் தேய்ப்பதில்லை. தேய்த்தால் அதில் பொறித்த எண்ணும் முத்திரையும் அழியும். பொருளின் வரலாற்றைச் சொல்லும் சான்றுகள் அவைதாம்.

வீட்டில் செய்து பாருங்கள்: முலாம் பூசாத இரண்டு இரும்பு ஆணிகளில் ஒன்றைக் குழாய்நீரிலும் மற்றொன்றை உப்புநீரிலும் பாதி மூழ்க வையுங்கள். ஒரு வாரம் கழித்து ஒப்பிடுங்கள்.

பீரங்கியில் ஆணியால் பெயர் கீறுவோர் அதன் மேற்பூச்சைத் திறந்துவிடுகிறார்கள். அந்தக் கீறல் வழியாகத்தான் உப்பு உள்ளே நுழைகிறது.