வளர்ச்சிக்கும் வேண்டும் கடிவாளம்

‘ஈயின் நரம்பை ஆராய மக்களின் வரிப்பணம் எதற்கு?’ பொருளியல் பேராசிரியராகப் பணியாற்றிய காலத்தில் இந்தக் கேள்வியை நானும் கேட்டதுண்டு. ஓய்வுபெற்ற பின்னர் அந்த ஆய்வுகளைப் பற்றிப் படிக்கத் தொடங்கியபோதுதான் அக்கேள்வியில் இருந்த அறியாமை எனக்குப் புலப்பட்டது.

கனிந்த பழத்தை மொய்க்கும் பழ ஈ, முட்டையிலிருந்து முழு ஈயாக வளர ஏறத்தாழ 10 நாள்களே போதும். அதன் நரம்புச் செல்கள் இயங்கும் அடிப்படை முறைகள் பலவும் மனிதருக்கும் பொதுவானவை. அதனால்தான் நூறாண்டுகளுக்கும் மேலாக ஆய்வுக்கூடங்களில் அதற்கு இடம் கிடைத்திருக்கிறது.

மரபணுவின் கட்டளைப்படி புரதம் உருவாவதோடு செல்லின் வேலை முடிந்துவிடுவதில்லை. உருவான புரதத்தின்மீது பின்னர் பலவகைக் குறிகள் ஒட்டப்படுகின்றன. அவற்றுள் ஒன்று, 76 அமினோ அமிலங்களால் ஆன யுபிக்விட்டின். இக்குறி சங்கிலியாக ஒட்டப்பட்ட புரதத்தை, புரோட்டியசோம் என்னும் அமைப்பு சிதைத்துவிடும். இந்த ஏற்பாட்டைக் கண்டறிந்ததற்காக ஆரோன் சீச்சனோவர், அவ்ரம் ஹெர்ஷ்கோ, இர்வின் ரோஸ் ஆகிய மூவரும் 2004-இல் வேதியியலுக்கான நோபல் பரிசைப் பெற்றனர்.

பழ ஈயில் இக்குறியை ஒட்டும் புரதங்களுள் ஒன்றின் பெயர் ஹைவயர். இது செயலிழந்த ஈயின் இளம்புழுவில், தசையைத் தொடும் நரம்பு முனைகள் அளவுக்கு மீறிப் பெருகியிருப்பதை 2000-இல் ஆய்வாளர்கள் கண்டனர். முனைகள் பெருகினால் தசைக்குச் செல்லும் சமிக்ஞையும் வலுப்பெற வேண்டுமல்லவா? மாறாக, அது வலுவிழந்திருந்தது. பக்கக் கன்றுகளை வெட்டாமல் விட்ட வாழையில் தார் சிறுத்துப்போவதை உழவர் அறிவர்.

இதற்கான விளக்கத்தின் ஒரு பகுதி 2006-இல் கிடைத்தது. நரம்பு முனைகளின் வளர்ச்சியைத் தூண்டும் வாலெண்டா என்ற புரதத்தின் அளவை ஹைவயர் கட்டுக்குள் வைக்கிறது. ஹைவயர் இல்லாதபோது வாலெண்டா மிகுந்து, முனைகள் பெருகுகின்றன. வாலெண்டாவையும் நீக்கியபோது அந்த மிகை வளர்ச்சி அடங்கியது. ஆனால், சமிக்ஞையின் பலவீனம் நீங்கவில்லை. சமிக்ஞையின் வலிமையை ஹைவயர் வேறொரு வழியில் பேணுகிறது என்பதே இதன் பொருள். ஆக, எண்ணிக்கைக்கு ஒரு கணக்கு, செயல்திறனுக்கு வேறொரு கணக்கு. உற்பத்தியின் அளவையே வளர்ச்சி என்று வகுப்பறையில் பேசிப் பழகிய எனக்கு இது உறைத்தது.

வாலெண்டாவைத் தீயது என்று ஒதுக்கிவிடவும் இயலாது. நசுங்கிக் காயமுற்ற நரம்பு மீண்டும் தளிர்ப்பதற்கு அதுவே தேவைப்படுகிறது. காலமறிந்து தடுப்பதும் காலமறிந்து விடுவிப்பதும்தான் நரம்பின் நலம். உயரத்தில் கட்டிய கம்பிமீது நடக்கும் சாகசத்தையே ஹைவயர் என்பர். அதில் புகழ்பெற்ற குடும்பத்தின் பெயர் வாலெண்டா. சமநிலையின் அருமை இப்பெயர்களிலேயே இருக்கிறது.

மனிதரிடம் ஹைவயருக்கு இணையாக உள்ள மரபணு எம்ஒய்சிபிபி2. இதில் பழுதுள்ள சிலருக்கு, மூளையின் இரு பாதிகளையும் இணைக்கும் நரம்புக் கற்றையில் குறைபாடும் வளர்ச்சிச் சிக்கல்களும் இருப்பது 2023-இல் பதிவாயிற்று. தம் குழந்தைக்கு நேர்ந்தது என்னவென்று அறியாமல் தவிக்கும் பெற்றோருக்குக் காரணம் தெரிவதே முதல் ஆறுதல்.

புழுவின் நரம்பு முனைகளை எண்ணத் தொடங்கிய நாளில், இந்தப் பயனை எந்தத் திட்ட அறிக்கையும் முன்கூட்டிக் கணக்கிட்டிருக்க முடியாது. ஆராய்ச்சிக்கு நிதி ஒதுக்குவோர், ‘உடனடிப் பயன் என்ன?’ என்று கேட்குமுன் இதை நினைவில் கொள்ள வேண்டும். அப்படிக் கேட்டவன் என்ற முறையிலேயே இதனைச் சொல்கிறேன்.