கிட்டங்கிக்கு ஏன் அரண்மனைக் கோலம்?

கிட்டங்கி என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது தகர ஷட்டரும், மங்கிய விளக்கும், சுவரோரம் அடுக்கிய பேல்களும்தான். சரக்கு நனையாமல் இருந்தால் போதும், அலங்காரம் எதற்கு என்பது நம் வியாபாரிகளின் வழக்கமான எண்ணம். ஆனால் நம் கோவைக்குத் தன் பெயரையே பட்டமாகத் தந்த மான்செஸ்டர் நகரில், ஒரு மொத்த ஜவுளி நிறுவனத்தார் கிட்டங்கியை அரண்மனை போலவே எழுப்பினார்கள்.

வாட்ஸ் குடும்பத்தார் முதலில் அந்நகரின் டீன்ஸ்கேட் தெருவில் சில்லறைத் துணிக்கடை வைத்திருந்தனர். 1830களில் அதைத் தம்மிடம் வேலை பார்த்த மூவருக்கே விற்றுவிட்டு, மொத்த வியாபாரத்தில் முழு மூச்சாக இறங்கினர். வியாபாரம் பெருகியது. போர்ட்லண்ட் தெருவில் 1851இல் தொடங்கிய புதிய கட்டடம் 1856இல் முடிந்தது. நீளம் சுமார் 300 அடி; செலவு சுமார் 1 லட்சம் பவுண்டு. டிராவிஸ், மாங்னல் என்ற கட்டடக் கலைஞர்கள் வெனிஸ் நகரத்து மாளிகையை மனதில் வைத்து முகப்பை அமைத்தனர். மாடிக்கு மாடி இத்தாலி, பிரான்ஸ், ஃபிளாண்டர்ஸ், எலிசபெத் ராணி கால இங்கிலாந்து எனப் பாணியை மாற்றினர்.

இத்தனை செலவு எதற்கு? அக்காலத்தில் வெளியூர்க் கடைக்காரர்கள் ரயிலேறி மான்செஸ்டர் வந்து கொள்முதல் செய்தனர். கிட்டங்கிதான் அவர்களுக்குக் காட்சிக்கூடமும். சரக்கை விரித்துப் பார்க்கும் முன்பே அவர்கள் பார்ப்பது கட்டடத்தை. அதை வைத்தே நிறுவனத்தின் கையிருப்பையும் நாணயத்தையும் எடை போட்டார்கள்.

அந்நகரின் ஜவுளிக் கிட்டங்கிகளில் பெரிய பெரிய ஜன்னல்கள் வைத்ததற்கும் காரணம் உண்டு. சாயமும் இழையும் நெசவுப் பிழையும் பகல் வெளிச்சத்தில்தான் சரியாகத் தெரியும். துணியைக் கடை வாசலுக்கு எடுத்துப் போய்ப் பார்த்து வாங்கும் பழக்கம் நம்மிடமும் உள்ளதுதானே!

லங்காஷயர் மில் துணி நம் கைத்தறி நெசவாளர் வயிற்றில் அடித்ததை மறப்பதற்கில்லை. பிறகு அந்தத் தொழிலும் சரிந்தது. 1968இல் மான்செஸ்டரின் ராயல் எக்ஸ்சேஞ்ச் பருத்திச் சந்தையில் வர்த்தகமே நின்றது. வாட்ஸ் கிட்டங்கி 1982இல் ஓட்டலாகத் திறக்கப்பட்டது. முதல் உலகப் போரில் உயிர் துறந்த நிறுவன ஊழியர்களுக்காக வைத்த காவல் வீரனின் வெண்கலச் சிலை மட்டும் நுழைவாயிலில் அப்படியே நிற்கிறது. வியாபாரம் போன பின்னும் வேலை செய்தவர்களின் நினைவு போகவில்லை.

மில்லிலிருந்து நேரே கடைக்குச் சரக்கு போகும் இந்நாளில், “நடுவில் நீங்கள் எதற்கு?” என்று நம்மையும் கேட்கிறார்கள். அரண்மனை முகப்பு அதற்குப் பதில் ஆகாது. அந்தப் பெரிய ஜன்னல்களில் பதில் உண்டு. பல இடத்துச் சரக்கை ஓரிடத்தில் சேர்த்து, வெளிச்சத்தில் காட்டி, பழுதானதை ஒதுக்கிக் கொடுப்பதே மொத்த வியாபாரியின் வேலை. அதை நாம் ஒழுங்காகச் செய்யும்வரை கடைக்காரர் நம்மைத் தேடி வருவார்.