உங்களுக்குத் தெரியுமா? விமானத்தை ஏமாற்றும் குளவிக்கூடு

பழவேற்காட்டு வீட்டுச் சுவர்களில் குளவி மண்கூடு கட்டினால் நல்ல சகுனம் என்று பெரியவர்கள் அதைக் கலைக்க விடமாட்டார்கள். ஈரமண்ணை உருண்டையாக வாயில் கவ்வி வந்து அறை எழுப்பும். கொட்டி மயக்கிய சிலந்திகளை உள்ளே அடைத்து, முட்டையிட்டு, அறையின் வாயை மண்ணால் பூசிவிடும். தமிழ்நாட்டில் காணப்படும் ஓர் இனத்தின் அறிவியல் பெயரிலேயே மதராசப்பட்டினம் இருக்கிறது: செலிஃப்ரான் மதராஸ்படானம்.

வீட்டுச் சுவர் மட்டுமல்ல, விமான மூக்கருகே நீட்டிக்கொண்டிருக்கும் 'பிட்டோ' குழாயும் குளவிக்கு ஒரு பொந்துதான். எதிர்க்காற்றின் அழுத்தத்தை வைத்து வேகத்தைச் சொல்லும் கருவி அது. அடைபட்டால் விமானிக்குத் தவறான வேகம் தெரியும். 1996 பிப்ரவரி 6 அன்று டொமினிக்கன் குடியரசிலிருந்து கிளம்பிய பிர்கன்ஏர் நிறுவனத்தின் போயிங் 757 விமானம் கடலில் விழுந்து, அதிலிருந்த 189 பேரும் இறந்தனர். நாட்கணக்கில் நின்ற அந்த விமானத்தின் குழாய்க்கு உறை போடவில்லை. குளவிக்கூடே அடைத்திருக்கும் என்பது விசாரணையாளர்களின் கணிப்பு.

நாட்கணக்கு கூடத் தேவையில்லை. 2013-இல் பிரிஸ்பேனில் சுமார் 2 மணி நேரமே தரையில் நின்ற எதிஹாட் ஏர்பஸ் 330-இன் குழாயைக் குளவி மண் ஏறக்குறைய முழுதும் அடைத்துவிட்டது. கிளம்பிய விமானம் பத்திரமாகத் திரும்பி இறங்கியது.

நிற்கும் விமானத்தின் மூக்கருகே சிவப்பு நாடா தொங்கக் கண்டால், அது பெரும்பாலும் இந்தக் குழாய்களைக் காக்கும் உறையின் நாடா.